வேலியோரம் போனது சாரைப்பாம்பு இல்லை, தம்பி

தம்பி, குடும்பத்தோடு பிரிஸ்பேன் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, ஸ்பிரிங்ஃபீல்ட் லேக்ஸ் பக்கம் வாடகை வீடு என்று எழுதியிருந்தீர்கள். போன வாரம் பின்புற வேலியோரமாகப் பழுப்பு நிறத்தில், ஒல்லியாக, ஆள் நீளத்துக்கு ஒரு பாம்பு போயிருக்கிறது. "நம்ம ஊர் சாரை மாதிரிதான் இருக்கு, ஒண்ணும் செய்யாது" என்று வீட்டில் தைரியம் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே பாம்புகளை எப்படி அடையாளம் பார்ப்பது, பிள்ளைகளைப் புல்தரையில் விளையாட விடலாமா என்பது உங்கள் கேள்வி.

ஆஸ்திரேலியாவில் சாரைப்பாம்பே கிடையாது. நீங்கள் சொல்கிற நிறம், நீளம், பட்டப்பகலில் அது போன வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் அது ஈஸ்டர்ன் பிரவுன். இந்த நாட்டில் பாம்புக்கடியால் நேர்கிற சாவுகளில் பெரும்பங்கு இந்தப் பாம்பால்தான். ஸ்பிரிங்ஃபீல்டிலும் இப்ஸ்விச் பக்கத்திலும் அது சாதாரணமாகத் தென்படும். வீட்டில் சொன்னதை இன்றைக்கே மாற்றிச் சொல்லிவிடுங்கள்.

நானும் மன்னார்குடிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவன். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்று நாலைந்தைக் கண்ணில் பதித்துக்கொண்டு, மற்றதெல்லாம் சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு என்று ஒதுங்கிப் போய்விடுவோம். ஊரில் அந்தக் கணக்கு ஓரளவு உதவும். இங்கே அதே கணக்கைப் போட்டால் விடை தலைகீழாக வரும். ஊரில் தலை முக்கோணமாக, உடம்பு தடித்து, மேலே சங்கிலி சங்கிலியாகக் கோலம் இருந்தால் நடுங்குவோம் இல்லையா? விரியன் இனத்தில் ஒன்றுகூட ஆஸ்திரேலியாவில் இல்லை. இங்கே ஆளைக் கொல்லக்கூடிய நிலப்பாம்புகள் எல்லாமே நல்ல பாம்பும் கட்டுவிரியனும் (பெயரில் மட்டும்தான் அது விரியன்) சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் பலவற்றுக்குத் தலை ஒடுக்கம், உடம்பு ஒல்லி, கோலம் எதுவும் இருக்காது. சாதுவாகத் தெரிவதுதான் இங்கே ஆபத்து.

கோலத்தோடு தடியாக இருப்பது கார்பெட் பைத்தான். பிரிஸ்பேனில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது அதைத்தான். ஆலிவ், பழுப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஜமுக்காளம் மாதிரி உடம்பெல்லாம் திட்டுத்திட்டாக இருக்கும். இரண்டு மீட்டருக்கு மேலும் வளரும். நம் மலைப்பாம்பின் குடும்பம், விஷம் கிடையாது. எலி, பாஸம் (possum) என்கிற மரத்தில் வாழும் சிறு விலங்கு எல்லாம் அதற்குத் தீனி என்பதால் வீட்டுக் கூரைக்குள் தங்கிவிடும். எங்கள் தெருவில் புதிதாக வந்த ஒரு குடும்பம் கராஜ் ரோலர் கதவின் மேல் சுருளில் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்துக் கண்ணாடி விரியன் என்று அலறிவிட்டார்கள். பாம்பு பிடிக்க வந்த பெண் கதவை மெல்ல மெல்ல இறக்கச் சொன்னார். சுருள் அவிழ அவிழ அது தானாகவே நழுவி வந்தது. நடு உடம்பை ஒரு கையிலும் வாலை ஒரு கையிலும் தாங்கி, தலையை அதன் போக்கில் விட்டுத் துணிப்பைக்குள் இறக்கினார். கழுத்தை நெரிக்கவில்லை, வாலைப் பிடித்துத் தொங்கவிடவும் இல்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஓடைக்கரைக் காட்டில் விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரத்திலும் வேலியிலும் ஒல்லியாக, பெரிய கண்ணோடு, தொண்டை மஞ்சளாக ஒன்றைப் பார்ப்பீர்கள். ட்ரீ ஸ்னேக் என்பார்கள். கோபம் வந்தால் கழுத்தை உப்பிக்கொள்ளும். அப்போது செதில்களுக்கு நடுவே நீலம் தெரியும். விஷமில்லாத பாம்பு, தவளை தின்று பிழைப்பது. நம் ஊர் கொம்பேறி மூக்கனும் இதுவும் ஒரே பேரினம் என்று தெரிந்துகொண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று நாம் பழிபோட்ட அந்தப் பாவப்பட்ட பாம்பின் உறவுதான் இது. அதை அடித்துவிடாதீர்கள்.

ஓடைப் பக்கம் பளபளவென்று கறுத்து, விலாவில் சிவப்புத் தெரிந்தால் ரெட் பெல்லி. மிரண்டால் கழுத்தைத் தட்டையாக்கும். நமக்கு உடனே நல்ல பாம்பு ஞாபகம் வரும். விஷம் உண்டு, கடித்தால் ஆஸ்பத்திரிதான். ஆனாலும் இதனால் ஆள் செத்தது மிக மிக அரிது. கால்கள் குட்டையாக, உருண்டு திரண்டு, நீல நாக்கை நீட்டினால் அது ப்ளூ டங் அரணை. பாம்பென்று நினைத்து அதைக் கொன்றவர்கள் உண்டு, பாவம்.

இனி பிரவுனுக்கு வருகிறேன். பெயரை நம்பாதீர்கள். வெளிறிய மணல் நிறத்திலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை எந்த நிறத்திலும் இருக்கும். வயிறு மங்கலான மஞ்சளாக, அதில் ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியலாம். அதைப் பார்க்கிற தூரத்தில் நீங்கள் நிற்கக் கூடாது. குட்டிக்குத் தலையிலும் பிடரியிலும் கரும்பட்டை இருக்கும், சிலதுக்கு உடம்பு முழுக்க வளையம் இருக்கும், தாயைப் போலவே இருக்காது. குட்டிக்கும் விஷம் உண்டு. நான் இத்தனை வருடம் இங்கே இருந்தும் பழுப்பாக, கோலமில்லாமல் எதைக் கண்டாலும் பிரவுன் என்றே வைத்துக்கொண்டு விலகிவிடுவேன்.

துரத்தும் என்று சொல்வார்கள், துரத்தாது. முடுக்கினால் முன்னுடம்பைத் தூக்கி எஸ் போல வளைத்து நிற்கும், அப்புறம் கொத்தும். இங்கே கடிபட்டவர்கள் பலர் பிடிக்கப் போனவர்கள், அடிக்கப் போனவர்கள். மண்வெட்டியை எடுக்காதீர்கள். உள்ளூர்ப் பாம்புகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கொல்வது குற்றம். பாம்பு பிடிப்பவர்களுக்கு இங்கே லைசென்ஸ் இருக்கும், கட்டணம் வாங்குவார்கள். உங்கள் பகுதிக்கு வருகிறவர் எண்ணை இப்போதே போனில் போட்டுவையுங்கள். அவர் வரும்வரை ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளி நின்று, பாம்பு எங்கே போகிறது என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். அறைக்குள் புகுந்தால் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் டவலைச் சுருட்டி அடைத்துவிடுங்கள்.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதில் நம் ஊர்ப் பழக்கம் ஆளையே கொன்றுவிடும். பிரவுனுக்குப் பல் மிகச் சிறியது. கடித்த இடம் பெரும்பாலும் வீங்காது, வலியும் அதிகம் இருக்காது, முள் கீறியது போலத்தான் தெரியும். "ஒன்றும் இல்லை" என்று உட்கார்ந்திருப்பவர் ஒரு மணி நேரத்துக்குள் சரிந்து விழலாம். விஷம் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். அதனால் கடித்ததா இல்லையா என்று சந்தேகம் வந்தாலே இங்கத்திய அவசர எண்ணான 000 அழையுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கழுவவும் கழுவாதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் விஷம் எந்தப் பாம்பு என்று அறிய உதவலாம். பாம்பைக் கொன்று எடுத்துப் போக வேண்டாம். ரத்தப் பரிசோதனையும் ஊரின் பெயரும் டாக்டருக்குப் போதும்.

செய்ய வேண்டியது கட்டுதான். மெல்பர்னில் ஸ்ட்ருவான் சதர்லேண்ட் என்ற மருத்துவர் 1970களின் இறுதியில் கண்டுபிடித்த முறை. அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் வாங்குங்கள். பாம்புக்கடிக்கென்றே மேலே நீள்சதுரம் அச்சிட்டு விற்பார்கள். அந்த நீள்சதுரம் சரியான சதுரமாகிற அளவுக்கு இழுத்தால் இறுக்கம் சரி. முதலில் கடித்த இடத்தின் மேல் சுற்றி, பிறகு விரலிலிருந்து தொடங்கித் தொடை வரை முழுக் காலுக்கும் சுற்ற வேண்டும். பேண்ட்டைக் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே சுற்றுங்கள். கடிபட்ட இடத்தைப் பேனாவால் குறியுங்கள். ஒரு கட்டையை வைத்துக் கட்டி அசையாமல் படுக்க வையுங்கள். ஒரு அடிகூட நடக்க விடாதீர்கள். நடந்தால் விஷம் நிணநீர் வழியாக மேலே ஏறும். ஆம்புலன்ஸ் உங்களிடம் வரட்டும். பேண்டேஜை ஆஸ்பத்திரியில்தான் அவிழ்க்க வேண்டும்.

இதை ஊரில் இருப்பவர்களுக்கு அப்படியே அனுப்பிவிடாதீர்கள். விரியன் கடித்த இடத்தில் சதை அழுகும். அங்கே இறுக்கிக் கட்டினால் கேடு கூடும். அங்கே கை காலை அசைக்காமல் வண்டியில் ஏற்றி, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் வழி.

பயம் எந்த அளவுக்கு வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருடத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிட்டது. ஆஸ்திரேலியா முழுக்க வருடத்துக்கு இரண்டு பேர் அளவில்தான். பாம்புக்கு விஷம் குறைவு என்பதால் இல்லை. செருப்பில்லாமல் இருட்டில் வயலுக்குப் போகிறவர்கள் இங்கே குறைவு, மருந்தும் ஆம்புலன்ஸும் பக்கத்தில் இருக்கின்றன. எனக்கு இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்கும்போதெல்லாம் நம் ஊர் நடவுப் பெண்களின் வெறுங்கால்தான் நினைவுக்கு வரும்.

வீடு மாற வேண்டாம். பிள்ளைகள் விளையாடட்டும், ஷூ போட்டுக்கொண்டு. புல்லை ஒட்ட வெட்டுங்கள், வேலியோரம் கிடக்கும் தகரத்தையும் மரக்கட்டைகளையும் அகற்றுங்கள். பிரவுன் எலிக்காகத்தான் வருகிறது; கோழித்தீவனமும் குருவிக்குப் போடும் தானியமும் எலியைக் கூட்டிவரும். அண்டை வீட்டில் கோழி இருந்தால் அவர்களிடமும் பேசுங்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை கூடுதல் கவனம். இந்த சனிக்கிழமை பார்மஸியில் மூன்று பேண்டேஜ் வாங்கி, ஒன்றைக் காரில், ஒன்றைச் சமையலறையில், ஒன்றைப் பிள்ளைகளின் முதுகுப்பையில் வையுங்கள். அன்றைக்கே நீங்கள் மனைவிக்கும் அவர் உங்களுக்கும் ஒருமுறை கட்டிப் பாருங்கள். பெரியவனுக்கு எட்டு வயது என்றீர்களே, அவனுக்கும் 000 அழைத்து வீட்டு முகவரி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.