மண்ணெண்ணெயில் பறக்கிறோம்

அன்புள்ள ஐயா,

தீபாவளிக்குச் சென்னை போக டிக்கெட் போட்டேன். கட்டணத்தோடு எரிபொருளுக்கென்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். கச்சா எண்ணெய் விலை இறங்கிவிட்டது என்றுதானே செய்தியில் வந்தது? கூட வேலை செய்யும் நண்பரோ, விமானத்துக்குப் போடுவது பெட்ரோலிலேயே உயர்ந்த ரகம், அதனால்தான் அந்த விலை என்கிறார். அப்படியா?

– ஒரு வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

பெட்ரோலே இல்லை, மண்ணெண்ணெய். தோட்டத்து லயத்தில் நம் அம்மாக்கள் விளக்குக்கும் அடுப்புக்கும் ஊற்றிய, மலாயில் 'மின்யாக் தானா' என்கிற எண்ணெய் இருக்கிறதே, அதன் வம்சம். பெட்ரோல் ஓடுவது பிஸ்டன் எஞ்சின் வைத்த சின்ன விமானங்களில்தான்.

ஆனால் அடுப்புக்கு ஊற்றியதை அப்படியே ஊற்ற முடியாது. சிறுவயதில் எங்கள் வீட்டு ஸ்டவ் சில நாள் படபடவென்று துப்பும். "தண்ணி கலந்துட்டான்" என்பார் அம்மா. எந்தக் கடை என்பது இப்போது எதற்கு? அடுப்பு அணைந்தால் சோறு தாமதமாகும், அவ்வளவுதான். ஆனால் விமானம் பறக்கும் 35,000 அடியில் வெளிக்குளிர் மைனஸ் 50 டிகிரியைத் தாண்டும். 2008 ஜனவரியில் பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, ஹீத்ரோவில் ஓடுதளத்தைத் தொடுமுன்பே புல்லில் இறங்கியது. எண்ணெய் உறையவில்லை. அதில் விதிக்குட்பட்டே இருந்த துளி ஈரம் பனித்துகளாகி, எஞ்சினுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது. நல்லவேளை, யாரும் சாகவில்லை.

இங்கே பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் என் மச்சான் எண்ணெய் லாரி ஓட்டியவர். கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் பிடித்து, ஒரு சுழற்றுச் சுழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாராம். தண்ணீர் இருந்தால் நடுவில் திரண்டு அடியில் நிற்கும். அப்புறம் சின்ன வில்லை ஒன்றைச் சிரிஞ்சில் மாட்டி எண்ணெயை உறிஞ்சுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் இருந்தாலும் வில்லை நிறம் மாறிவிடும். "நம்ம வீட்டு அரிசியைக்கூட இப்படிப் பார்த்ததில்லை" என்பார்.

ரகம் என்று கேட்டால், பினாங்கிலும் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.விலும் ஊற்றுவது ஜெட் ஏ-1. மைனஸ் 47 டிகிரி வரை உறையக்கூடாது என்பது விதி. அமெரிக்காவில் ஓடும் ஜெட் ஏ-க்கு மைனஸ் 40 போதும். அந்த ஏழு டிகிரியை விட்டுக்கொடுத்தால் அதே கச்சாவில் கூடுதலாக எண்ணெய் பிடிக்கலாம். ரஷ்யாவுக்கு டிஎஸ்-1 என்று தனியாக ஒன்று உண்டு.

சரி, விலைக்கு வருவோம். விமான நிறுவனம் கச்சாவை வாங்குவதில்லை, ஜெட் எண்ணெயை வாங்குகிறது. நம் வட்டாரத்தில் அதற்கு அளவுகோல் சிங்கப்பூர் விலை. கச்சாவுக்கும் ஜெட்டுக்கும் உள்ள இடைவெளியை வியாபாரிகள் 'கிராக்' என்பார்கள். அது தனியாக ஏறும், தனியாக இறங்கும். கச்சாவைக் காய்ச்சும்போது மண்ணெண்ணெய் டீசலுக்குப் பக்கத்து வீடு. 2020-ல் விமானங்கள் தரையில் நின்றபோது ஆலைக்காரர்கள் அதை டீசலில் கலந்து தள்ளினார்கள். 2022-ல் உக்ரைன் போர் வந்து டீசல் தட்டுப்பட, ஜெட் விலையும் கூடவே ஏறியது. ஆக, கச்சா இறங்கியும் டீசல் இறுக்கமாக இருந்தால் உங்கள் டிக்கெட்டுக்கு ஒன்றும் வந்து சேராது. போதாததற்கு எண்ணெய்க்குக் கொடுப்பது டாலர், நீங்கள் கட்டுவது ரிங்கிட். சில நிறுவனங்கள் பல மாதத்துக்கு முன்பே விலையைப் பேசிப் பூட்டிவிடும். இன்றைய இறக்கம் அவர்களுக்கே கிடைக்காது.

வரியைக் குறை சொல்லவும் வழியில்லை. வேறு நாட்டிலிருந்து வரும் விமானத்தின் டாங்கியில் இருக்கும் எண்ணெய்க்குச் சுங்கம் கூடாது என்று விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் செய்துகொண்ட 1944 சிகாகோ உடன்படிக்கையிலேயே எழுதிவிட்டார்கள்.

அந்தத் தனித் தொகை? எண்ணெய் ஏறும்போது அதை நுழைப்பார்கள், இறங்கும்போது எடுக்க மறப்பார்கள். கணக்கைவிட வியாபார சாமர்த்தியம்தான் அதில் அதிகம் என்பது என் எண்ணம். அடுத்த முறை அந்தத் தனித் தொகையைப் பார்க்காதீர்கள், பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.