வாசகர் கேள்வி – பதில்: குழந்தைக்கு ஊசி போடும்போது வலியைக் குறைக்க முடியுமா?

கேள்வி: என் நான்கு மாத மகளுக்குப் பலதுறை மருந்தகத்தில் இரு தொடைகளிலும் தடுப்பூசி போட்டார்கள். ஊசியைக் குத்தியதும் ஊசிக்குழலின் தண்டைச் சற்றுப் பின்னிழுத்து, இரத்தம் வருகிறதா என்று பார்த்த பிறகே மருந்தைச் செலுத்த வேண்டும் என்கிறார் என் மாமியார். தாதி அப்படிச் செய்யவில்லை. மிக வேகமாக முடித்துவிட்டார். அவசரத்தில் விட்டுவிட்டாரா? அடுத்த முறை வலியைக் குறைக்க நான் என்ன செய்யலாம்?
– வாசகி, செங்காங்

பதில்: தாதி சரியாகத்தான் செய்திருக்கிறார். பின்னிழுத்துப் பார்க்கும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது என்பதால் உங்கள் மாமியார் சொல்வதிலும் தவறில்லை. ஆனால் கைக்குழந்தைகளுக்கு ஊசி போடும் தொடையின் வெளிப்புற முன்பகுதியில் பெரிய இரத்தக் குழாய்கள் இல்லை. பின்னிழுத்துப் பார்க்கும்போது ஊசி தசைக்குள் கூடுதல் நேரம் நின்று அசைவதால் வலிதான் மிகுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட, தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றிய அறிக்கையும் அது வேண்டாம் என்றே சொல்கிறது.

புட்டத்தில் போடாமல் தொடையைத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு: புட்டத்தின் வழியே காலுக்குச் செல்லும் பெரிய நரம்பு ஊசியால் காயப்படக்கூடும். ஊசியின் நீளத்தைப் பார்த்தும் பெற்றோர் பலர் அஞ்சுகிறார்கள். குழந்தையின் தொடைக்கு வழக்கமாக 25 மில்லிமீட்டர் ஊசியைப் பயன்படுத்துவார்கள். ஊசி குட்டையாக இருந்து, மருந்து தசையை எட்டாமல் தோலுக்கடியில் உள்ள கொழுப்பிலேயே தங்கிவிட்டால், வீக்கமும் சிவப்பும் அதிகமாகும். ஒரே நாளில் இரண்டு ஊசிகள் என்றால் அதிகம் வலிக்கக்கூடியதைக் கடைசியில் போடுவது நல்லது. நான்கு மாதத்தில் பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியும், நுரையீரல் அழற்சி போன்றவற்றை உண்டாக்கும் கிருமிக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியும் இருக்கும். பின்னதே கூடுதலாக வலிக்கும் என்பதால் அதை இரண்டாவதாகப் போடும்படி நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

உங்கள் பங்குதான் பெரியது. குழந்தையைக் கட்டிலில் மல்லாக்கக் கிடத்தி அமுக்கிப் பிடிக்காதீர்கள். மடியிலோ மார்பிலோ அணைத்துக்கொண்டு தொடையை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும். தாய்ப்பால் கொடுப்பவர் என்றால் ஊசிக்குச் சற்று முன்பே கொடுக்கத் தொடங்கி, குழந்தை நன்றாகப் பற்றிக் குடிக்க ஆரம்பித்த பிறகு ஊசியைப் போடச் சொல்லி, முடிந்த பின்னும் தொடர்ந்து கொடுங்கள். தாயின் உடற்சூடு, பாலின் இனிப்பு, உறிஞ்சும் செயல் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதால் இதற்கு இணையான எளிய வழி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. பொது இடத்தில் கூச்சமாக இருந்தால் திரை கேளுங்கள். தாய்ப்பால் கொடுக்க இயலாதவர்கள், சர்க்கரைக் கரைசல் கிடைக்குமா என்று தாதியிடம் கேட்கலாம். ஊசிக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு முன் அதைச் சில சொட்டுகளாக நாக்கில் விடுவார்கள். நம் பாட்டிமார் சொல்வதுபோல் நாக்கில் தேன் தடவுவது மட்டும் கூடவே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனால் போட்டுலிசம் என்னும் கடும் நச்சுநோய் வரலாம்.

ஊசிக்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்து அழைத்துச் செல்வதும் வேண்டாம். குத்தும் வலியை அது குறைப்பதில்லை. சில தடுப்பூசிகளுக்கு உடல் உருவாக்கும் எதிர்ப்புச் சக்தியை அது ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறகு காய்ச்சல் வந்தால், தாதி சொன்ன அளவில் கொடுங்கள். ஊசி போட்ட இடத்தை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம்.

கேள்வி: தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகனுக்கு ஊசி என்றாலே நடுக்கம். பள்ளியில் தடுப்பூசி போட வருகிறார்கள். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லி அனுப்பலாமா?
– வாசகர், சுவா சூ காங்

பதில்: அப்படிச் சொல்லாதீர்கள். வலித்த மறுகணமே உங்கள் சொல்லின் மீதும் தாதியின் மீதும் அவனுக்கு நம்பிக்கை போய்விடும். "கொஞ்சம் அழுத்துவதுபோலவோ சுருக்கென்றோ இருக்கலாம், சில விநாடிகளில் முடிந்துவிடும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். "சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்வேன்" என்று சிறு வயதிலிருந்தே மிரட்டும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஊசியைத் தண்டனையாகக் காட்டி வளர்த்துவிட்டு, அது நன்மைக்குத்தான் என்று பத்து வயதில் நம்பச் சொல்வது அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் அநியாயம்.

இந்த வயதில் மேற்கையில்தான் போடுவார்கள். கையை விறைப்பாக வைத்திருந்தால் இறுகிய தசைக்குள் ஊசி போகும்போது வலி கூடும். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டோ மடியில் வைத்தோ உட்கார வீட்டிலேயே பழக்குங்கள். தளர்ந்த சட்டைக் கை, ஊசி போடும்போது மெதுவாக மூச்சை வெளியே விடுவது, நண்பனுடன் பேச்சு ஆகியவை உதவும். முன்பு ஊசியின்போது மயங்கியிருந்தால், வகுப்பாசிரியரிடமும் பள்ளிக்கு வரும் தாதியரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவனைப் படுக்கவைத்துப் போடுவார்கள். அத்தகைய பிள்ளைகள் கையைத் தளரவிட்டு, கால் தசைகளையும் வயிற்றுத் தசைகளையும் மட்டும் இறுக்கினால் இரத்த அழுத்தம் திடீரென இறங்காமல் தடுக்கலாம்.

கேள்வி: மரத்துப்போகச் செய்யும் களிம்பு பயன் தருமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தரும். லிடோகெய்னும் பிரிலோகெய்னும் கலந்த களிம்பை, ஊசி போடும் இடத்தில் ஒரு மணி நேரத்திற்கு முன்பே தடவி மூடிவைக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது தடவினால் பலன் இராது. அது தோலில் குத்தும் வலியைக் குறைக்கும். தசைக்குள் மருந்து பரவும்போது உண்டாகும் கடுப்பை முழுவதும் போக்காது. எந்த இடத்தில் தடவுவது என்று தாதியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிரிலோகெய்ன் மிகச் சில கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைக்கக்கூடும் என்பதால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் தடவாதீர்கள்.