பந்தை விடுங்கள், லைனைப் பாருங்கள்: ஒஹாயோ ஸ்டேட் பற்றி வந்த கடிதங்கள்

போன மாதம் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2024 ஒஃபென்சிவ் லைன் (பந்து தங்களிடம் இருக்கும்போது முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் ஐவர்: நடுவில் சென்டர், இருபக்கமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள்) பற்றியவை. தேசியப் பட்டம் வென்ற அணிதான். ஆனாலும் அந்த ஐந்து பேர் மீது இன்னும் பலருக்குக் கோபம் தீரவில்லை. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கே: மிச்சிகனிடம் 13-10 என்று தோற்ற லைன், அடுத்த மாதமே எப்படி இவ்வளவு தேறியது? (கொலம்பஸ் வாசகர்)

மாயம் எதுவும் இல்லை. நவம்பர் 30 அன்று பந்தோடு ஓடிய 26 ஓட்டங்களில் 77 யார்ட்தான் கிடைத்தது. மறுபக்கம் நடுவில் நின்றவர்கள் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும். அடுத்த ஏப்ரலில் இருவருமே டிராஃப்டின் (தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் போனார்கள். அந்த இருவர் மீதே திரும்பத் திரும்ப ஓடியது திட்டத்தின் பிழை. அதோடு, சென்டர் சேத் மெக்லாஃப்லின் குதிகால் தசைநார் அறுந்து விலகி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கார்சன் ஹின்ஸ்மன் சென்டராகவும் லூக் மாண்ட்கமரி லெஃப்ட் கார்டாகவும் சேர்ந்து ஆடிய இரண்டாவது ஆட்டம் அது. பிறகு மூன்று வாரம் இடைவெளி கிடைத்தது. பழகிக்கொண்டார்கள். திட்டமும் மாறியது: முதலில் தூரமாக வீசி எதிரணியை விரியவைத்து, பிறகு ஓடினார்கள். டென்னஸி 42-17, ஆரிகன் 41-21, டெக்சஸ் 28-14, கடைசியில் நோட்ர டேம் 34-23. ஒரே ஆட்டத்தை வைத்து ஒரு லைனுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

கே: கார்டாக ஆடிய டானவன் ஜாக்சனைத் திடீரென்று லெஃப்ட் டாக்கிளாக மாற்றினார்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா? பக்கத்து இடம்தானே? (டெட்ராய்ட்)

பக்கத்து இடம்தான். ஆனால் வேலை வேறு. கார்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் உண்டு. எதிராளி கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நிற்பான். ஒரு வாசற்படி அகலத்துக்குள் மல்லுக்கட்டு முடிந்துவிடும். டாக்கிளுக்கு வெளிப்பக்கம் வெறும் மைதானம். ஸ்னாப் ஆனதும் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கியதும்) சாய்வாகப் பின்னால் போக வேண்டும். வெளிக்கால் தரையை ஒட்டியே வழுக்க வேண்டும், எடை உள்காலில் இருக்க வேண்டும், கால்கள் ஒன்றையொன்று தாண்டவே கூடாது. கையை அவசரப்பட்டு நீட்டினால் வேகக்காரன் அதைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவான். பல வருடம் கார்டாக ஆடியவரின் உடம்பு “முட்டு” என்று சொல்லும். டாக்கிள் “பொறு” என்று அதை அடக்க வேண்டும்.

அக்டோபர் 12 அன்று ஆரிகனில் ஜாஷ் சிம்மன்ஸின் முழங்கால் போனது. அடுத்து நெப்ராஸ்காவுடன் ஆடியபோது மாற்று டாக்கிளும் காயப்பட்டார். ஜாக்சன் முதன்முதலாக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே இடது மூலையில் இறங்கிய நாள் நவம்பர் 2. எதிரணி பென் ஸ்டேட், அதில் அப்துல் கார்ட்டர். பிறகு டிராஃப்டில் மூன்றாவதாகத் தேர்வானவர். கற்றுக்கொள்ளக் கிடைத்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு, முதல் பரீட்சை இவர்.

அந்த ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். ஒஹாயோ ஸ்டேட்டுக்குச் சொந்தக் கோல் கோட்டை ஒட்டிப் பந்து கிடைக்கிறது, 20-13 என்று முன்னிலை. அங்கிருந்து தொடர்ந்து 11 ஓட்டம். ஒரு பாஸ்கூட இல்லை. கடிகாரம் ஓய்ந்துபோகும் வரை பென் ஸ்டேட்டுக்குப் பந்தே கிடைக்கவில்லை. பந்தை வைத்திருப்பவரைப் பார்க்காதீர்கள், லைனின் இடுப்பைப் பாருங்கள். முதல் ஓட்டத்திலேயே எதிராளியின் தோள்பட்டைக்குக் கீழே போய் முட்டுகிறார்கள். கடைசி ஓட்டங்களில் பென் ஸ்டேட் ஆட்களின் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. முதுகு நிமிர்ந்தவன் தள்ளப்படுவான். அந்த 11 ஓட்டத்தை நான் இருபது முறையாவது பார்த்திருப்பேன், இன்னும் அலுக்கவில்லை. ஜாக்சன் சீசன் முடியும் வரை அந்த மூலையிலேயே நின்றார். டிராஃப்டில் 24-ஆவது ஆளாக மின்னசோட்டா வைக்கிங்ஸ் அவரை எடுத்தது.

கே: லைன் சரியில்லை. சாக் (பந்தை வீசும் குவார்ட்டர்பேக் வீசுமுன்பே வீழ்த்தப்படுவது) அதிகம். பயிற்சியாளரை மாற்றியிருக்க வேண்டும். உங்கள் கருத்து? (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த ஆட்டம்? எந்த குவார்ட்டர்? எத்தனை பேர் பாய்ந்து வந்தார்கள்? எதுவும் எழுதாமல் கருத்து கேட்டால் நான் என்ன சொல்வது? ஆனாலும் இந்தக் கேள்வியை விட மனமில்லை. ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி வருகிறது, இதே அநியாயமும் நடக்கிறது.

சாக் என்பது லைனின் மதிப்பெண் அல்ல. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஸ்னாப்பிலிருந்து சுமார் இரண்டரை விநாடி வரை பாக்கெட்டை (குவார்ட்டர்பேக்கைச் சுற்றிய பாதுகாப்பு வளையத்தை) காப்பது லைனின் கடமை. நான்கு விநாடி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் அந்த சாக் குவார்ட்டர்பேக்கின் கணக்கு. ஐந்து பேர் தடுக்கும்போது ஆறு பேர் வந்தால் ஒருவன் சும்மா வருவான். அவனைப் பிடிக்க வேண்டியவர் ரன்னிங் பேக் (வழக்கமாகப் பந்தோடு ஓடுபவர்), இல்லாவிட்டால் குவார்ட்டர்பேக் உடனே பந்தை விட வேண்டும். ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) ஓட வேண்டிய வழியில் ஓடாமல் போனாலும் சாக் விழும். தொலைக்காட்சியில் இது எதுவும் தெரியாது. விழுந்து கிடக்கும் குவார்ட்டர்பேக்கும், அவர் பக்கத்தில் கையை விரித்து நிற்கும் டாக்கிளும்தான் தெரிவார்கள். உடனே “இவன்தான்” என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நான் ஒரு உயர்நிலைப் பள்ளி அணியின் லைனுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடைசி நிமிடத்தில் ஒரு சாக், ஆட்டம் போனது. வலது டாக்கிளாக ஆடிய பதினாறு வயதுப் பையனை அவன் அப்பாவே வேலிக்கு வெளியிலிருந்து எல்லோர் காதிலும் விழும்படித் திட்டினார். பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேருந்தில் ஏறினான், உள்ளே அழுதுகொண்டிருந்தான். மறுநாள் காலை வீடியோவை ஓட்டிப் பார்த்தோம். அவன் தன் ஆளைக் கடைசி வரை பிடித்தே இருந்தான். ரன்னிங் பேக் தப்பான பக்கம் பார்த்துவிட்டான். அந்த அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மகனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பையன் அடுத்த வருடம் விளையாட வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. கல்லூரிக் கணக்கில் சாக்கில் இழக்கும் யார்டை ஓட்டக் கணக்கிலிருந்து கழிக்கிறார்கள். என்எஃப்எல்லில் அப்படி இல்லை, பாஸ் கணக்கிலிருந்துதான் கழிப்பார்கள். ஒரு கல்லூரி அணிக்கு 40 ஓட்டம், 120 யார்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3. “ஓடவே தெரியவில்லை” என்று எழுதிவிடுவீர்கள். அந்த 40-இல் 5 சாக், இழப்பு 35 யார்ட் என்றால் உண்மையான ஓட்டம் 35, யார்ட் 155, சராசரி கிட்டத்தட்ட நாலரை. அது நல்ல நாள். ஒரே தவறுக்கு லைனை இரண்டு முறை அடிக்கிறோம். ஆகவே முதலில் சாக்கைக் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.

லைன் பயிற்சியாளர் ஜஸ்டின் ஃப்ரை பட்டம் வென்ற பிறகு என்எஃப்எல்லின் அரிசோனா கார்டினல்ஸ் அணிக்குப் போனார். இரண்டு முக்கிய ஆட்களை இழந்தும் ஒரு லைனைக் கட்டி நிறுத்தினார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது?

கே: பட்டம் வென்ற லைனுக்கு ஜோ மூர் விருது ஏன் கிடைக்கவில்லை? (சிகாகோ)

அந்த விருது முழு லைனுக்கும் சேர்த்து, சீசன் ஆட்டத்தைப் பார்த்துக் கொடுப்பது. 2024-இல் ஆர்மி (ராணுவக் கல்லூரி) அணிக்குப் போனது, தகுதியோடுதான் போனது. 2023-இல் வாங்கிய வாஷிங்டன் இறுதிப் போட்டியில் மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றது. விருதும் பட்டமும் ஒரே வீட்டுக்குப் போக வேண்டும் என்று விதி இல்லை.

கே: மெக்லாஃப்லின் ஆலபாமாவில் ஸ்னாப்பைத் தரையில் போட்டவர். அவரை எதற்கு எடுத்தார்கள்? (நியூ ஜெர்சி)

2024 புத்தாண்டு அன்று ரோஸ் பௌல் ஆட்டத்தின் கடைசி ஸ்னாப் தாழ்ந்து போனது உண்மை. குவார்ட்டர்பேக் நின்றிருப்பது ஐந்து யார்ட் தள்ளி. பந்து இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே வர வேண்டும். கணுக்காலுக்கு வந்தால் கண் கீழே போகும், ஆட்டம் அங்கேயே கெட்டுவிடும். ஆனால் சென்டரின் வேலை ஸ்னாப் மட்டுமா? எதிரணி எப்படி நிற்கிறது, யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று நான்கு பேருக்கும் குரல் கொடுப்பவர் அவர். அதே ஆள் அதே ஆண்டு ஒஹாயோ ஸ்டேட்டில் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் கோப்பையை வாங்கினார், அதுவும் நவம்பரில் காயப்பட்ட பிறகு. ஒரு ஸ்னாப்பை வைத்து ஒருவரின் வாழ்க்கையை எழுதாதீர்கள்.

கே: என் மகனுக்கு 14 வயது, 75 கிலோ. லைனில் ஆட ஆசைப்படுகிறான். 100 கிலோவாவது வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். என்ன சாப்பிடக் கொடுக்கலாம்? (ஹூஸ்டன், ஒரு தாய்)

அம்மா, தயவுசெய்து திணிக்காதீர்கள். இந்த வயதில் எடை தானாக வரும். வராத எடையைச் சோற்றாலும் பவுடராலும் ஏற்றினால் முழங்காலும் முதுகும்தான் தாங்க வேண்டும். அவனுக்கு இப்போது வேண்டியது கால். கயிறு தாண்டட்டும், மல்யுத்தம் இருந்தால் சேரட்டும், கூடைப்பந்து ஆடட்டும். பள்ளி மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். தலையில் அடிபட்டுக் கொஞ்சம் மயக்கமாக இருக்கிறது என்று சொன்னால் அன்றே மைதானத்தை விட்டு வெளியே, மருத்துவர் சரி என்று சொல்லும் வரை உள்ளே போகக் கூடாது. அவன் கெஞ்சினாலும் சரி, பயிற்சியாளரே சொன்னாலும் சரி.

கே: ஒவ்வொரு ஸ்னாப்பிலும் ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து இழுப்பது) நடக்கிறதே, நடுவர்கள் ஏன் கண்டுகொள்வதில்லை? (அட்லாண்டா)

கை எதிராளியின் உடம்பு அகலத்துக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் விடுவார்கள். வெளியே போய்ச் சட்டையை இழுத்தாலோ, தாண்டிப் போகிறவனைத் திருப்பினாலோ கொடி விழும், 10 யார்ட் போகும். பந்தை விட்டுவிட்டு ஒரு குவார்ட்டர் முழுக்கக் கைகளையே பாருங்கள், தெரிந்துவிடும்.