வியட்நாம் கல்விப் பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

தம்பி, ஈரோட்டுக் கல்லூரியிலிருந்து ஆறு நாள் வியட்நாம் போகிறோம், வரலாறும் பொருளாதாரமும் சேர்த்து அறிக்கை கேட்கிறார்கள், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவன், இரண்டு தடவை போய் வந்திருக்கிறேங்க.

1975, 1986 இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள், போதும். 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகரான சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) அதிபர் மாளிகைக் கதவை இடித்துக்கொண்டு வட வியட்நாம் டாங்கி நுழைந்தது, வியட்நாம் போர் முடிந்தது. அந்த மாளிகையின் நிலவறையில் பழைய ரேடியோக் கருவிகளும் சுவர் நிறைய வரைபடங்களும் அப்படியே இருக்கின்றன. அவசரப்படாமல் பாருங்கள். 1986இல் வந்தது 'தோய் மோய்' சீர்திருத்தம். கூட்டுப் பண்ணை தளர்ந்தது, தனியார் தொழிலுக்கும் அன்னிய முதலீட்டுக்கும் வழி பிறந்தது. அரிசிக்குத் திண்டாடிய நாடு 1989இல் அரிசி ஏற்றுமதி செய்தது.

தையல் ஆலைக்குக் கூட்டிப்போனால் மெஷின்களை எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். "துணி எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். நம் ஊரில் நூல், நிட்டிங், சாயம், தையல் எல்லாம் பக்கத்திலேயே முடிந்துவிடும். அங்கே பெரும்பகுதித் துணி சீனாவிலிருந்து வருகிறது. 2020 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு வியட்நாம் போட்ட, இறக்குமதி வரியைக் குறைக்கும் வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தும், சீனத் துணியில் தைத்த சட்டைக்கு அந்த வரிச்சலுகை கிடையாது. அறிக்கைக்கு இந்த ஒரு முடிச்சே தாங்கும்.

அப்புறம், 5 லட்சம் டாங் (வியட்நாம் நாணயம்) நோட்டைப் பார்த்துப் பணக்காரர் ஆகிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். முதல் நாள் நான் நினைத்தேன்.