பயிருக்கு மருந்து அடிக்கும் விமானத்தில் எஞ்சின் நின்றுபோனால் பைலட் தப்ப முடியுமா?

ஏதோ வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பலாம். யோசிக்கத்தான் நேரம் இருக்காது.

பயணிகள் விமானத்துக்கு உயரம் கைவசம் இருக்கும். மிதந்து வந்து இடம் தேடலாம். இது பயிருக்கு மேல் பத்துப் பன்னிரண்டு அடியில் போகிற வண்டி. மிச்சமிருக்கிற வேகத்தில் கொஞ்சம் மேலே ஏற்றி, லிவரை இழுத்து மருந்து மொத்தத்தையும் கொட்டிவிட்டு, எதிரே தெரிகிற வயல்காட்டிலேயே இறக்கிவிட வேண்டும். கிளம்பிய இடத்துக்கே திரும்பலாம் என்று வளைத்தவர்கள்தான் பெரும்பாலும் தலைகுப்புற விழுகிறார்கள்.

நான் பைலட் இல்லை. விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்துவிட்டு, இப்போது சேலம் ஆத்தூர் பக்கம் மரவள்ளி வைத்திருக்கிறேன். ‘மருந்து விமானத்தை நீ தொட்டதுண்டா?’ என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: இல்லை சாமி. நம் அரசு விமான நிறுவனம் எச்.ஏ.எல். செய்த பசந்த் என்ற மருந்து விமானம் 1972-ல் முதலில் பறந்தது, 400 குதிரைத் திறன், மொத்தமே 39 தான் செய்தார்கள். நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பிஸ்டன் எஞ்சின் தெரியும்.

பனிக்காலத்தில் டேங்க் அரைகுறையாக இருந்தால் ராத்திரியில் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அடியில் தங்கிவிடும். அது எஞ்சினுக்குள் போனால் எஞ்சின் நின்றுவிடும். காலையில் கொஞ்சம் வடித்துக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் அடியில் முத்து முத்தாக உருளும். ஒருநாள் நான் பிடிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சார்ஜெண்ட் சந்தேகப்பட்டுப் பிடித்தார். ஒரு விரற்கடைத் தண்ணீர். திட்டவில்லை. பாட்டிலை ஒரு வாரம் என் கட்டில் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். திட்டியிருக்கலாம்.

மருந்து விமானம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது பாருங்கள். பாரம் கூட ஏற்ற வேண்டுமென்று எரிபொருளைக் குறைத்து ஊற்றுவார்கள். ஓடுபாதை மண் ரோடு, ஃபில்டர் முழுக்கப் புழுதி. ஒவ்வொரு முறையும் முழு பவரில் கிளம்ப வேண்டும். அவசரம் எல்லாம் கீழே, பழி மட்டும் பைலட்டுக்கு.

இதைச் சொல்லக் காரணம் எங்கள் ஊர் ட்ரோன். மாவுப்பூச்சி வந்து மரவள்ளியைத் தின்ற கதை சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அந்தப் பூச்சியை அழிக்கிற ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்கள். அது செத்துவிடக் கூடாதென்று நான் பூச்சிமருந்து அடிப்பதில்லை, நுண்ணூட்டம் மட்டும்தான். அதற்காக வந்த ட்ரோன் பத்து லிட்டர் நிறைத்துக்கொண்டு எழும்பியது, வரப்போரம் திரும்பும்போது பொத்தென்று விழுந்தது. பக்கத்துக் காட்டுக்காரர், “ஓட்டத் தெரியாத பையனை அனுப்பியிருக்கானுங்க” என்று ஊரைக் கூட்டிவிட்டார்.

பேட்டரியைத் தொட்டேன். வடைச்சட்டிச் சூடு, ஒரு பக்கம் உப்பியும் இருந்தது. ட்ரோன் முதலாளி கொடுத்தது இரண்டே செட் பேட்டரி. ஜெனரேட்டர் வைத்து, ஆறுவதற்குள் சார்ஜ் போட்டு, பையன் மறுபடி மாட்டியிருக்கிறான். முழுப் பாரத்தில் எழும்பும்போது வோல்ட் சரிந்துவிட்டது. விடியக்காலையிலிருந்து அது ஐந்தாவது காடு. ஏக்கர் கணக்கில் கூலி. “எங்கண்ணா நிறுத்தறது” என்றான். ரிப்பேர் காசை அவன் சம்பளத்தில்தான் பிடித்தார்கள்.

வோல்ட்டாவது அவன் மீட்டரில் அவனே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்கிற பாயிண்டைப் பார்ப்பது அதை வாங்குகிற மில்காரர். அவர் சொன்னதுதான் பாயிண்ட், அதை வைத்துத்தான் விலை. மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் குறைவு, சரி. வெயிலில் பிடுங்கினாலும் குறைவு என்றால்? கேட்டால் அடுத்த லோடு வாசலில் நிற்கும். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், விடுங்கள்.

போன மாதம் அதே பையன் வந்தான். இரண்டு செட்டையும் வேப்பமர நிழலில் வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தான். பக்கத்துக் காட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பையனுக்கு இன்னொரு டீ ஊற்றினேன்.