வீட்டு வாசலில் வைத்து சைலன்சர் மாற்றுவது: கேட்டவையும் சொன்னவையும்

இருபது வருஷமாக என் வண்டி, அக்கம்பக்கத்து வண்டி எல்லாவற்றுக்கும் சைலன்சர் வேலையை வாசலில் வைத்தே பார்த்து வருகிறேன். பைப்பைக் கழற்றி மாட்டுவது சுலபம். ஹெட்டில், அதாவது இன்ஜினின் தலைப்பகுதியில், நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஸ்டட்டை (மரை போட்ட இரும்புத் தண்டு) காப்பாற்றுவதில்தான் முழு வேலையும் இருக்கிறது. பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருந்தன.

தூத்துக்குடி: அண்ணா, ஒன்பது வருஷ ஸ்ப்ளெண்டர். சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. நானே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம் தம்பி. ஹெட்டிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்பும் சைலன்சரும் ஒரே துண்டு. முன்னால் ஹெட்டில் இரண்டு நட்டு, பின்னால் சேசிஸோடு பிடிக்கும் போல்ட், அவ்வளவுதான். கால் மிதி வழிமறித்தால் அதையும் தளர்த்திக்கொள்.

ஆனால் ஸ்பேனரை எடுத்த எடுப்பில் போடாதே. முந்தின நாள் ராத்திரியே, வண்டி நன்றாக ஆறியபின், நட்டு ஸ்டட்டோடு சேரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து டபிள்யூடி-40 மாதிரி துரு இளக்கும் எண்ணெய் அடித்துவை. காலையில் இன்னொரு முறை அடி. பாக்ஸ் ஸ்பேனரோ ரிங் ஸ்பேனரோதான் போட வேண்டும். ஓப்பன் ஸ்பேனர் நட்டின் மூலையை வழித்துவிடும். கால் சுற்று தளர்ந்ததும் மறுபடி கொஞ்சம் இறுக்கு, எண்ணெய் விடு, திரும்பத் தளர்த்து. இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் மரையில் இருக்கும் துரு பொடியாக உதிரும்.

கையில் வரும் உணர்வைக் கவனி. 'டக்' என்று விட்டுக்கொடுத்தால் நல்லது. ரப்பரை முறுக்குவது போல மெத்தென்று திரும்பினால் உடனே நிறுத்து. அங்கே திரும்புவது நட்டு இல்லை, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

மதுரை: நிறுத்தாமல் திருப்பிவிட்டேன் அண்ணா. ஸ்டட் உடைந்துவிட்டது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

பாதி வெளியே இருப்பதே பெரிய நிம்மதி. எனக்கும் இது நடந்திருக்கிறது, அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. முதலில் பைப்பைக் கழற்றி ஓரம் வை. மரை மிச்சம் இருந்தால் இரண்டு நட்டை அடுத்தடுத்துப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கு. பிறகு உள்பக்க நட்டில் ஸ்பேனர் போட்டுத் தளர்த்தினால் ஸ்டட்டும் சேர்ந்து வரும். மரை இல்லையென்றால் வைஸ் கிரிப் பிளையரால் கடித்துப் பிடித்துத் திருப்பு.

அசையவில்லையா? சூடு காட்ட வேண்டும். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. சூட்டில் இரும்பைவிட அலுமினியம் அதிகம் விரியும், அதனால் பிடி தளரும். ஹீட் கன்னை வைத்து ஸ்டட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கு. அதற்கு முன் அடித்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடு, அது தீப்பற்றும். பெட்ரோல் டேங்கையும் கழற்றித் தள்ளி வை.

ஹெட்டோடு மட்டமாக உடைந்திருந்தால் மட்டும் நீ முயற்சி செய்யாதே. கை டிரில் கொஞ்சம் சரிந்தாலும் மென்மையான அலுமினியத்துக்குள் இறங்கி, துளை கோணலாகிவிடும். லேத் பட்டறைக்குக் கொண்டு போ. சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை புது ஹெட்டில் போய் நிற்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

நெல்லை: பழைய கேஸ்கட் நன்றாகத்தான் இருக்கிறது. அதையே போடலாமா?

வேண்டாம். பைப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் அந்த வளையம் ஒருமுறை நசுங்கி அந்த இடத்துக்குப் பொருந்துவதற்காகவே செய்தது. இரண்டாம் முறை அப்படி நசுங்காது. பழையது போர்ட்டுக்குள்ளேயே (ஹெட்டில் புகை வெளியேறும் துளை) ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுக்காமல் மேலே புதியதை வைத்துவிடாதீர்கள்.

ஈரோடு: புது பைப்பை முன்னால் இறுக்கியாச்சு. பின்னால் துளை அரை விரல் தள்ளி நிற்கிறது. நெம்பி மாட்டலாமா?

நெம்பவே கூடாது. அந்த இழுவை முழுக்க முன் ஸ்டட்டில்தான் உட்காரும். வண்டி ஓடும் அதிர்வில் ஒருநாள் ஸ்டட்டோ பிராக்கெட்டோ விரிசல் விடும். எல்லாவற்றையும் தளர்த்துங்கள். முன் நட்டு, பின் போல்ட் எல்லாம் விரலால் மட்டும் போட்டு, பைப் தானாக உட்காரும் இடத்தைப் பாருங்கள். அப்புறம் முன் நட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் பின் போல்ட். சாதாரணமாக 6 மி.மீ. ஸ்டட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கமே போதும். உங்கள் வண்டி மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் சரி.

சென்னை: மாற்றியபின் ஆக்ஸிலரேட்டரை விட்டால் 'டப் டப்' என்று வெடிக்கிறது.

முன் ஜாயின்ட்டில் கசிவு இருக்கலாம். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போய், எரியாமல் மிச்சம் வந்த பெட்ரோல் பைப்புக்குள் எரிகிறது. வண்டி ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஜாயின்ட் அருகில் ஊதுவத்தி பிடியுங்கள். புகை துடித்து விலகினால் கசிவு அங்கேதான். பெட்ரோல் சிந்தியிருந்தால் ஊதுவத்தி வேண்டாம், சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

கோவை: மழையென்பதால் ஷட்டர் போட்ட போர்ட்டிகோவில் வேலை பார்க்கிறேன். அங்கேயே ஓடவிட்டுப் பார்க்கலாமா?

கூடாதம்மா. ஷட்டரைத் திறந்து வண்டியை வெளியே தள்ளிய பிறகுதான் ஸ்டார்ட். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலை சுற்றுவது தெரிவதற்குள் எழுந்து நடக்கும் பலம் போய்விடும். கதவு வழியாக வீட்டுக்குள்ளும் பரவும்.

சேலம்: புது குரோம் பைப் முதல் நாளே கறைபட்டுவிட்டது.

கை ரேகையும் எண்ணெயும் சூட்டில் வெந்து பதிந்திருக்கும். மாட்டி முடித்ததும், ஸ்டார்ட் செய்யும் முன், தின்னர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட வேண்டும்.

திருச்சி: என்னுடையது பி.எஸ்-6. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பி.எஸ்-6 புகை விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பல வண்டிகளில் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். முதலில் அதன் ஒயர் சாக்கெட்டைப் பிரியுங்கள், பிறகுதான் ஸ்பேனர். இல்லையென்றால் ஒயர் முறுக்கி அறும். சென்சார் முனையில் கிரீஸ், எண்ணெய் எதுவும் படக்கூடாது.

புதுச்சேரி: ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிறேன். பாஃபிளை எடுத்துவிட்டால் வேகம் கூடும் என்கிறார்கள்.

பாஃபிள் என்பது சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கும் குழாய். எடுத்தால் சத்தம்தான் கூடும். உங்களுடையது டூ ஸ்ட்ரோக் வண்டி, அதில் சைலன்சரின் வடிவமே இன்ஜினில் ஒரு பாகம். அதற்குள் திரும்பி வரும் அழுத்த அலை, வெளியே நழுவும் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதைக் குலைத்தால் இழுவை போகும். பாஃபிளைக் கழற்றிக் கரியைச் சுரண்டி மறுபடி மாட்டுங்கள், அதிலேயே வித்தியாசம் தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் சத்தத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, லைசென்ஸும் 3 மாதம் போகும். அதைவிட, தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளை நினைத்துப் பாருங்கள்.

நாகப்பட்டினம்: வாராவாரம் துடைத்தும் எப்படித் துருப்பிடிக்கிறது ஐயா?

உப்புக்காற்று வெளியே தின்கிறது. ஆனால் ஓட்டை பெரும்பாலும் உள்ளிருந்துதான் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. கடைத்தெரு வரை போய் வருகிற ஓட்டத்தில் பைப் முழுசாகச் சூடாகாது, ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். பல சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். அதை ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்திருந்தால், இன்றைக்கே குத்தித் திறந்துவிடுங்கள்.