நிழல் விழுமா? இணையத் தேடல் பாடங்கள் பற்றிக் கேள்வி பதில்

சிங்கப்பூரில் உயர்நிலை மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டில் ஆங்கிலம், வகுப்பில் மட்டும் தமிழ் என்று வரும் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். ஆசிரியர் தரும் இணையப் பக்கங்களைப் படித்து ஒரு பணியை முடிக்கும் 'வெப்குவெஸ்ட்' (WebQuest) பாடங்களை நடத்துகிறேன். அதைப் பற்றிக் கேள்விகள் கேட்கச் சொன்னேன், குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கே: வெப்குவெஸ்ட் என்றால் கூகுளில் தேடச் சொல்வதுதானே? (பினாங்கு ஆசிரியர்)

இல்லை. 1995-இல் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெர்னி டாட்ஜ் தொடங்கியது இது. டாம் மார்ச்சும் கூட இருந்தார். அறிமுகம், பணி, செய்முறை, மதிப்பீடு, முடிவு என்று அமைப்பு உண்டு. படிக்க வேண்டிய பக்கங்களை ஆசிரியரே பொறுக்கித் தந்துவிடுவார். தேடி அலைவதில் பிள்ளையின் நேரம் போகக் கூடாது, படித்ததை வைத்து யோசிப்பதில் போக வேண்டும்.

கே: 'பொங்கல் பற்றி எழுது' என்று கொடுத்தேன். நான்கு குழுவும் ஒரே பக்கத்தை ஒட்டிக் கொண்டுவந்தன. என்ன செய்வது?

தலைப்பை மாற்றுங்கள். ஒட்டினாலே விடை வந்துவிடும் என்றால் பிள்ளை ஒட்டத்தான் செய்யும். பக்கங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும் கேள்வியாகப் பாருங்கள்.

நான் கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் (கருவறைக்கு மேலுள்ள கோபுரத்தின்) நிழல் தரையில் விழாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறையத் தமிழ்ப் பக்கங்கள் அதை அப்படியே எழுதி வைத்திருக்கின்றன. நிழல் தெளிவாகத் தரையில் கிடக்கும் படங்களும் இணையத்திலேயே கிடைக்கின்றன. 'பாட்டி அடுத்த மாதம் தஞ்சாவூர் போகிறார். நிழல் விழுமா விழாதா என்று அவருக்குச் சொல்லுங்கள்.' இதுதான் பணி. ஒரு பிள்ளை 'விழாது' என்கிற பக்கங்களைப் படிக்கும், ஒன்று படங்களைப் பார்க்கும், ஒன்று சூரியன் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்று பார்க்கும், ஒன்று எழுதும். காலையிலும் மாலையிலும் நிழல் நன்றாகவே விழும். கோடை நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு மேல் இருப்பதால் விமானத்தின் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடும். இதை அவர்களே கண்டுபிடித்த அன்று வகுப்பில் வந்த சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

மொழிப் பாடம் எங்கே என்று கேட்பீர்கள். 'விழாதாம்', 'விழாது என்று நம்பப்படுகிறது', 'விழாது என்கிறார்கள்', 'விழுகிறது'. இந்த நான்குக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கணப் பயிற்சித்தாளில் சொல்லிக்கொடுத்து நான் தோற்றிருக்கிறேன். இங்கே அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. 'விழாதாம்' என்று கடைசியில் 'ஆம்' போட்டால் 'நான் பொறுப்பில்லை' என்று அர்த்தம் என ஒரு பையன் விளக்கினான். அதைவிட நன்றாக நான் சொன்னதில்லை.

கே: சங்கடம் எதுவுமே இல்லையா?

இருக்கிறது. இந்த ஒரு பாடத்தைத் தயாரிக்க எனக்கு இரண்டு வார இறுதி போனது. நடத்தியது மூன்றே பாடவேளை. இணையப் பக்கங்களில் வரும் 'விண்ணை முட்டும் வண்ணம் எழுப்பப்பட்டதாகும்' மாதிரி வாக்கியங்கள் பிள்ளைகளை முதல் வரியிலேயே நிறுத்திவிடும். முழுப் பக்கத்தையும் எளிமையாக்காதீர்கள், அது உங்கள் கட்டுரையாகிவிடும். தேவையான இரண்டு பத்தியைக் குறித்துக் கொடுத்து, பத்துச் சொற்களுக்குப் பொருள் தாருங்கள். பக்கம் தேடும்போது 'விழாது', 'விழாத', 'விழுவதில்லை' மூன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்; ஒன்றில் வராதது இன்னொன்றில் வரும்.

அப்புறம், முதல் நாள் இரவு எல்லா இணைப்பையும் கையால் திறந்து பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்ப் பக்கங்கள் சில இன்னும் பழைய எழுத்துருவில் கிடக்கின்றன; பிள்ளைகளின் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும்.

கே: சாட்ஜிபிடியில் கேட்டு எழுதினால்?

பொங்கல் கேள்விக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். முரண்படும் இரண்டு பக்கத்தைக் காட்டி, எதை நம்பினாய், ஏன் என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

கே: ஏஐ வந்த பிறகு இதெல்லாம் வீண் இல்லையா?

மேலே.

கே: என் மகனின் தமிழ்ப் பாடத்தில் 'பாட்டி, நிழல் விழுதுங்க' என்று பேசிப் பதிவு செய்யச் சொன்னார்களாம். உங்கள் கைவேலை போலிருக்கிறது. இப்படித்தான் தமிழைக் கெடுக்கிறீர்கள். (தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்)

ஐயா, பாட்டிக்கு அனுப்பும் குரல் செய்தி பேச்சுத் தமிழில்தான் இருக்கும். 'அம்மையீர், நிழல் வீழ்கின்றது' என்று பேரன் சொன்னால் பாட்டி டாக்டரைக் கூப்பிடுவார். அதே பிள்ளை, பயணிகளுக்கான அறிவிப்புப் பலகையை எழுத்துத் தமிழில் எழுதுகிறான். இரண்டும் ஒரே பணிக்குள் இருக்கின்றன.

கே: எழுத்துத் தமிழ் உறுதியாகும் முன்பே பேச்சைக் காட்டினால் இரண்டும் குழம்பும். அனுபவத்தில் சொல்கிறேன். (அதே ஐயா)

குழம்பும், உண்மைதான். முதல் வரைவில் 'விழுதுகிறது' என்றுகூட வந்தது. ஆனால் வெளியே ஒருவரிடமும் பேச முடியாத தமிழைப் பத்து வருடம் கற்பித்தால் பிள்ளை தேர்வு முடிந்த அன்றே அதை விட்டுவிடும். தொல்காப்பியப் பாயிரமே 'வழக்கும் செய்யுளும்' என்று பேச்சு வழக்கு, இலக்கிய நடை இரண்டையும் சேர்த்துத்தானே எடுக்கிறது?

கே: அந்த 'வழக்கு' உயர்ந்தோர் வழக்கு. தெருப்பேச்சு அல்ல. (அவரேதான்)

சரி, 'உயர்ந்தோர்' என்று உரைகாரர்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். பாட்டியை நான் உயர்ந்தோரில் சேர்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். (இதற்குள் இன்னும் பதினோரு பேர் இந்தச் சண்டையில் சேர்ந்துவிட்டார்கள். ஆறு பேர் ஐயா பக்கம். படித்தேன், பதில் போடவில்லை.)

கே: நான்கு வயதுப் பிள்ளைக்கு இப்படிச் செய்யலாமா? (கனடா, ஸ்கார்பரோ அம்மா)

வேண்டாம் அம்மா. கதை சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கே: மதிப்பெண் எப்படிப் போடுவது?

விடைக்குப் பாதி, காரணத்துக்குப் பாதி. 'விழாது' என்று முடித்தாலும் காரணத்தை ஒழுங்காகக் காட்டிய குழுவுக்குக் காரணத்தின் பாதியை முழுதாகப் போட்டேன். பெற்றோர் ஒருவர் சண்டைக்கு வந்தார்.

கே: ரெடிமேட் பாடம் பிடிஎஃப் ஆகக் கிடைக்குமா? (இதைக் கேட்கும் ஏழாவது நபர்)

நிழல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்புகளை மட்டும் நீங்களே தேடுங்கள். நான் அனுப்பி நீங்கள் திறப்பதற்குள் அவற்றில் இரண்டு செத்திருக்கும்.